பல்லி சொன்னால் சரி

தமயந்தி வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. யார் என்ன பேசினாலும் அது ‘ச்சு ச்சு’ என்றால் போதும். “பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு” என்று தமயந்தி தரையை விரலால் தட்டுவாள். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

ஒருநாள் அவள் கணவன் ரத்தினவேல், கேட்டதற்கெல்லாம் பதில் பேசும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து அலமாரியில் வைத்தான்.

“இந்தத் தண்டம் நமக்கெதுக்கு?” என்றாள் தமயந்தி.

ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பல்லி மெல்ல இறங்கி வந்தது. “ஏம்ப்பா, யாரும் கூப்பிடாதப்பவும் கேட்டுக்கிட்டே இருப்பியா?”

“கேட்டுக் கேட்டுத்தானே கத்துக்கிறேன்” என்றது பெட்டி.

“நான் பேசுறதையுமா?”

பெட்டியின் நீல விளக்கு ஒருமுறை மின்னியது. பல்லி விறுவிறுவென்று டியூப்லைட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து அது வாயே திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தமயந்தி பெட்டியைக் கையில் எடுத்தாள். “திருப்பிக் கொடுத்துடலாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“இருக்கட்டும்மா, நமக்கு நல்லதுதான்” என்றான் ரத்தினவேல்.

‘ச்சு ச்சு’ என்று சத்தம் கேட்டது.

தமயந்தி தரையைத் தட்டிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். “பல்லியே சொல்லிடுச்சே.”

டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி, இறுக மூடிய வாயோடு அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தது.