எலுமிச்சம்பழம் எடுக்காத நாள்

"இந்த வயித்த வச்சிக்கினு காலையில எங்க கெளம்பிட்ட?" என்றான் புருஷன் ரமணா.

வீடு வீடாகப் பெண்களைக் கூட்டிவைத்து பிளாஸ்டிக் டப்பா விற்கும் சுகுணாவுக்கு இது மூன்றாவது மாசம். பதினொரு மணி ஆனால் போதும், மசக்கை குடலைப் புரட்டும். அதனால் பார்ட்டிகளை எல்லாம் சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தாள்.

"இந்த ஒரு வீட்டுக்குக் காலையிலதான் போவணும்," என்றவள், வழக்கமாக முகர்ந்துகொள்ளும் எலுமிச்சம்பழத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கொர்லகுண்டாவில் ஹேமா வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சுகுணாவையே உற்று உற்றுப் பார்த்தார்கள். அவள் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"ஒரு சொட்டு ஒழுகுதா பாருங்க!"

அடுப்படியில் ஹேமா கைநிறையப் பூண்டை எண்ணெயில் போட்டாள்.

அவ்வளவுதான். சுகுணா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவள் வாந்தியெடுத்த சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. பெண்களெல்லாம் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

பேரன் வேண்டி அரசமரம் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பிய ஹேமாவின் மாமியார் கன்னியம்மா, சுகுணாவைக் கண்டதும் கல்லாய் நின்றாள்.

சொம்புத் தண்ணீரோடு வந்த ஹேமா, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். "எத்தினி மாசம்க்கா?"

"மூணு." கன்னியம்மாவைப் பார்த்தே சொன்னாள் சுகுணா.

"இன்னா அத்தே, அப்டியே நின்னுக்கினு கீறீங்க? மலடின்னு இதே வாசல்ல நீங்க கழுத்தப் புடிச்சித் தள்ளின ஒங்க புள்ளையோட மொத பொண்டாட்டிதான். நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் ஹேமா. "நாளையிலேர்ந்து அந்த மரத்த ஒங்க புள்ளையச் சுத்தச் சொல்லுங்க."