கண் மூடாத ஜெபம்

2023 டிசம்பர் 18 அன்று, சேரன்மகாதேவியில், ஆட்டை அவிழ்க்கப் போன சாலோமியைத் தாமிரபரணி வெள்ளம் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

"கண்ணை மூடினா அம்மா முகம் தெரியுதுப்பா" என்று மகள் கிறிஸ்டி அழுதபோதுதான், மற்றவர்களுக்கு நிஜமாகவே அப்படித் தெரியும், அது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல என்று அப்பாத்துரைக்குத் தெரிந்தது. கண்ணை மூடினால் அவருக்குப் பிறந்ததிலிருந்தே இருட்டுதான். மனைவியின் முகமும் வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு மதியம், சோற்றுக்கு முன் கண்மூடி ஜெபித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏட்டி, அம்மா நிக்கா. முதுகுதான் தெரியுது. முழங்கால் வரைக்கும் தண்ணி."

"கூப்பிடுங்கப்பா, திரும்புவா."

"நான் கூப்பிட்டு அவ என்னைக்குத் திரும்பியிருக்கா?"

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

ராத்திரி ஜெபத்தில் தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. காலை ஜெபத்தில் கழுத்துக்கு.

"இன்னொரு தடவை ஜெபத்துல கண்ணை மூடினா முங்கிருவா" என்றார் மகளிடம். "முகம் பாக்காட்டியும் போகுது. அவ அங்கனயே நிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர், கண்களை மூடி ஜெபிப்போம் என்றார். கோவிலில் எல்லோரும் மூடினார்கள். அப்பாத்துரை தலையை மட்டும் குனிந்துகொண்டார்.