கோடில்லாத புள்ளி

வகுப்பில் யாருக்கு யார் நெருக்கம் என்று கண்டறியும் ஹெலன் மேடத்தின் குழு ஆய்வில் ஒரே ஒரு விதிதான்: நூல் பந்து யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டுமே பேசலாம். வட்டமாக உட்கார்ந்த மாணவிகள் பேசி முடித்ததும் நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மனசுக்குப் பிடித்தவளிடம் பந்தை எறிவார்கள். இசக்கியம்மாளிடம் அது ஒருநாளும் வந்ததில்லை. யார் யாருக்கு எறிந்தார்கள் என்று மேடம் கரும்பலகையில் கோடிட்டு வரைந்த குழுப் படத்தில் அவள் மட்டும் கோடில்லாத புள்ளி.

இன்று வந்தது. ஜெபமலர் எறிந்தாள். எறியும்முன் அவள் மேடத்தைப் பார்த்ததையும், மேடம் மெல்லத் தலையசைத்ததையும் இசக்கியம்மாள் பார்த்துவிட்டாள். சுருக்கென்றது. பிச்சை போடுகிறார்களா?

எல்லா முகங்களும் இரக்கத்தோடு அவள் பேசக் காத்திருந்தன. அவளோ நூலைத் திரும்பப் பந்தில் சுற்ற ஆரம்பித்தாள். ஜெபமலரின் விரலிலிருந்து நூல் கழன்றது. பிறகு அவளுக்கு எறிந்தவளின் விரலிலிருந்து, பிறகு அதற்கும் முந்தையவளின் விரலிலிருந்து. நடுவில் பின்னிக் கிடந்த வலை இழை இழையாகக் காணாமல் போனது. தடுக்க யாருக்கும் வாயில்லை, விதி அப்படி.

மேடத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏ பிள்ள, என்ன செய்யுத? ஆராய்ச்சியே கெட்டுப்போகும்!"

"பந்து எங்கிட்டல்லா இருக்கு மேடம். நீங்க பேசக்கூடாது."

கடைசியில் ஒற்றை நூல்தான் மிச்சம். அதன் நுனி, ஆட்டத்தைத் தொடங்கிவைத்த மேடத்தின் சுட்டுவிரலில் முடிச்சிட்டிருந்தது. நூல் விறைத்தது. மேடத்தின் விரல் இழுபட்டு வட்டத்தின் நடுவே நீண்டது. இசக்கியம்மாள் சுற்றுவதை நிறுத்தவில்லை.