பதினைந்து விளக்கும் ஒரு பொட்டும்

"பதினாறு ஓட்டை இருக்கு. மூணு லைட்டுதான் எரியுது. மிச்சம் பதிமூணும் அவிஞ்சு கெடந்தா வாரவுக என்ன நெனைப்பாக?" என்று கேட்டார் சங்கத் தலைவர் ராக்கப்பன்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டியை மாட்ட ராமநாதபுரத்திலிருந்து வந்த டெக்னீஷியன் பொறுமையாகத்தான் சொன்னான். சங்கத்தில் இருப்பது மூன்று கணினி. மூன்றிலிருந்தும் ஒயர் வந்து இந்தப் பெட்டியில் சேருகிறது. அதனால் மூன்று விளக்கு.

தலைவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. பதினொரு மணிக்கு மாவட்ட அதிகாரி வருகிறார். மிளகாய் விவசாயிகள் சங்கம் இன்றோடு கணினிமயம்.

டெக்னீஷியனுக்கு வேண்டியது, வேலை முடிந்தது என்று ஒரு கையெழுத்து. மிச்சம் கிடந்த ஒயர் துண்டுகளில் ஆறை எடுத்தான். ஒரு முனையை ஓர் ஓட்டையிலும், மறுமுனையை அதே பெட்டியின் பக்கத்து ஓட்டையிலும் செருகினான். ஆறையும் அப்படியே.

பதினைந்து விளக்குகளும் பேய் பிடித்தது போல மினுங்கின. பதினாறாவதற்கு ஜோடி இல்லை. தலைவர் அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் குறையைத் தீர்த்தார்.

அதோடு விட்டாரா? கரண்டு போனாலும் விளக்கு அவியக்கூடாது என்று, யுபிஎஸ்ஸிலிருந்து மூன்று கணினிகளையும் பிடுங்கிச் சுவர் பிளக்கில் செருகச் சொல்லி, பெட்டியை மட்டும் அதில் மாட்டச் சொன்னார்.

டெக்னீஷியன் கிளம்பும்போது, கணினி ஆபரேட்டர் சேதுலட்சுமியிடம் மெதுவாகச் சொன்னான்.

"போற சேதி பெட்டிக்குள்ளயே சுத்திக்கிட்டு கெடக்கும்க்கா. அந்த ஆறையும் உருவாம ஒண்ணும் வேலை செய்யாது."

சேதுலட்சுமி அந்த ஆறு ஒயர்களையும் எண்ணிப் பார்த்துக்கொண்டாள். நான்கு வருடமாக அவள் தினக்கூலி. நிரந்தரம் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு பொங்கலுக்கும் "பாப்போம்" என்பார் தலைவர். அவருடைய தங்கை மகள் வேறு போன மாதம் கணினிப் படிப்பை முடித்திருந்தாள். இந்த விழாவில் ஏதாவது கோளாறு என்றால் நாளைக்கு அந்த நாற்காலியில் அந்தப் பெண்தான்.

அதிகாரி வந்தார். பெட்டிக்கு மாலை விழுந்தது. சூடம் காட்டினார்கள். எல்லோரும் விளக்குகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதல் பயனாளி பஞ்சம்மாள். மழையில் மிளகாய் அழுகிப் போனதற்குச் சங்கம் தரும் சான்று அவளுக்கு வேண்டும். ராமநாதபுரத்தில் அதைக் கொடுக்க இன்றே கடைசி நாள்.

சேதுலட்சுமியின் கணினியில் அதிகாரி பொத்தானை அமுக்கினார். பஞ்சம்மாளின் விவரமெல்லாம் தலைவர் அறைக் கணினியில் இருந்தது. அது அங்கிருந்து அசையவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். திரையில் மணற்கடிகாரம் நின்றது நின்றபடி இருந்தது.

அதை யாரும் பார்க்கவில்லை. விளக்குகள் அவ்வளவு அழகு.

பஞ்சம்மாள் மட்டும் வாசலைப் பார்த்தாள்.

"அந்த லைட்டு எரிஞ்சா எனக்கென்ன, அவிஞ்சா எனக்கென்ன தாயி. பஸ்ஸு வந்துரும்."

சேதுலட்சுமி எழுந்தாள். ஆறு ஒயர்களையும் உருவிப் போட்டாள்.

பன்னிரண்டு விளக்குகள் அணைந்தன. கூட்டம் திடுக்கிட்டது. பிரிண்டர் மட்டும் கடகடவென்று ஓடியது. முத்திரை குத்திய மை காய்வதற்குள் பஞ்சம்மாள் தாளைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாள். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, பாவம்.

தலைவர் சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் வந்தார்.

"பெரிய மனுசர் முன்னாடி வெளக்க அவிச்சுட்டேல்ல. நாளையிலருந்து நீ வர வேணாம்."

பிறகு அவரே குனிந்து ஆறு ஒயர்களையும் செருகினார். கணினியில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். விளக்குகள் மறுபடியும் மினுங்கின. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இப்போது போட்டோக்காரன் சான்று வழங்கும் காட்சி வேண்டும் என்றான். பயனாளி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். தலைவர் சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்த ஒரே பெண் சேதுலட்சுமி.

"முந்தானைய இழுத்துப் போத்திக்க. நீதான் பஞ்சம்மாள். கையில குடுக்க ஏதாச்சும் ஒரு தாளை அடி."

இப்படி வேலையை விட்டு நிறுத்தி ஐந்து நிமிடத்தில் ஓர் ஆளை விவசாயியாக்க அவரால்தான் முடியும். சேதுலட்சுமி முந்தானையை இழுத்தாள். போர்த்திக்கொண்டு தன் கணினி முன் உட்கார்ந்தாள்.

விளக்குகள் எரிகிறவரை தலைவர் அறையிலிருந்து ஓர் எழுத்தும் வராது. ஆனால் பிரிண்டர் அவளுடைய கணினியோடு நேராக இணைந்திருந்தது. அவளுடைய கணினியில் இருப்பது வரும். அதில் இருந்ததோ, ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் திறந்து பார்த்து மூடிவைக்கும் ஒரே ஒரு கடிதம்.

அதை அடித்தாள்.

கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு படம் என்றான் போட்டோக்காரன். அதிகாரிக்கு மாதிரி போட்டுப் பழக்கமில்லை. ஒரு வரிகூடப் படிக்காமல், பச்சை மையில் நிஜமாகவே போட்டுத் தேதியும் எழுதினார். படத்தில் தானும் விழ வேண்டுமே என்று தலைவர் பேனாவைப் பிடுங்கி, 'தலைவர்' என்று இருந்த இடத்தில் தானும் போட்டார்.

முத்திரையை அவரே எடுத்துக் குத்தினார்.

சேதுலட்சுமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பஞ்சம்மாளாக நின்றவளின் கையில் இருந்த தாளில் இப்படி இருந்தது:

கணினி ஆபரேட்டர் செல்வி சேதுலட்சுமியை நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன் – தலைவர். ஆணையிடப்படுகிறது – மாவட்ட அதிகாரி.