கேட்காத பக்கம்

அருள்பாண்டி ஆசைப்பட்டு வாங்கிவந்த அந்தக் காலத்து ஹெட்போனில் இடது பக்கம் பாட்டு வரவில்லை. ஒரகடம் கம்பெனி ஒன்றில் சால்டரிங் செய்யும் அவன் மனைவி செல்லக்கனி, அதைப் பிரித்து வயரை மாற்றினாள்.

"இப்ப கேக்கா?"

"இல்லட்டி."

பிளக்கை மாற்றினாள்.

"ம்ஹூம். கொஞ்சங்கூட வரல."

சந்தேகம் வந்து, தன் காதில் மாட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. ஹெட்போனை இடம் வலம் மாற்றி அவனுக்கு மாட்டிவிட்டாள்.

"இப்ப எந்தப் பக்கம் கேக்கல?"

"அதே இடது பக்கந்தான்."

ஆறு வருடமாக, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் வேலை பார்ப்பவன் அவன். செல்லக்கனி ஹெட்போனை மெல்லக் கழற்றினாள்.

"கோளாறு எங்கன்னு தெரிஞ்சிட்டா?" என்றான் ஆவலாக.

அவள் எழுந்து அவனுடைய வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.