உருளைக்கிழங்குப் பதக்கம்

கழுத்தில் தொங்கிய பதக்கத்தை ஒரு கடி கடித்துப் பனியில் துப்பினாள் ராட்கா. பச்சை உருளைக்கிழங்கு.

ஓட்டை போட்டு, சிவப்பு நாடாவில் கோத்து அவளுக்கு மாட்டிவிட்டவன் அணியின் மெழுகுக்காரன் லுபோஷ். செக் நாட்டில் நாலாவதாக வருபவர்களுக்கு அதுதான் கிடைக்கும்.

"ஏற்கெனவே மூணு வாங்கியிருக்க. இதையும் சேத்தா ஒரு வேளை சூப்புக்கு ஆகும்" என்றான்.

"நீ பனிச்சறுக்குப் பலகைக்கு ஒழுங்கா மெழுகு தேச்சிருந்தா நான் ஏண்டா உருளைக்கிழங்கு திங்கறேன்?"

முப்பத்து மூன்று வயது. பனியில் சறுக்கி ஓடி, இடையிடையே நின்று குறிபார்த்துச் சுடும் உலகப் போட்டி, அதுவும் சொந்த மண்ணில்; அவளுக்கு இதுவே கடைசி. இன்று துப்பாக்கியை உறையில் போட்டால் பிறகு எடுக்கப் போவதில்லை. மூன்றாவதாக வந்த நார்வேக்காரி நாலே வினாடி வித்தியாசத்தில் முந்தியிருந்தாள்.

பயிற்சியாளர் ஹினெக் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"கோச், அவ ஏமாத்திட்டா. ரெண்டு குண்டு தப்பவிட்டுட்டு ஒரே ஒரு தண்டனைச் சுத்துதான் ஓடினா."

"தப்புக்கு ஒரு சுத்துன்னு அவளுக்குத் தெரியாதா? நீ எப்படிப் பாத்த?"

"கடைசியா சுடறப்போ பக்கத்துப் பக்கத்துல நின்னோம். துப்பாக்கிய முதுகுல மாட்டறப்போ பனி ஒரு நொடி விலகுச்சு. ஒரு குறிப்பலகைல ரெண்டு கறுப்பு வட்டம் குண்டு படாததால விழாம நின்னுச்சு. எனக்கு ஒண்ணுதான் தப்பு. அப்போ அது அவளோடது. சுத்துக்குள்ள ஒண்ணாத்தான் போனோம், ஒண்ணாத்தான் வெளிய வந்தோம்."

"உனக்கு ஒண்ணுதான், நிச்சயமா?"

"நாலாவது குண்டு தப்பு. அஞ்சாவது டங்குன்னு விழுந்துச்சு. அந்தப் புயல்ல கண்ணா தெரியும்? எல்லாரும் காதாலதான் சுட்டோம்."

ஹினெக் தாடையைச் சொறிந்தார். பனிப்புயலில் குறிகளை எண்ணும் மின்னணுக் கருவி படுத்துவிட்டது. சுடுகளத்திலும் தண்டனைச் சுற்றிலும் தொண்டர்கள் பென்சிலால்தான் குறித்திருந்தார்கள். ஓடியவர்களின் சட்டை எண்கள்மேல் விரல் தடிமனுக்குப் பனி அப்பியிருந்தது.

"புகார் எழுதிக் குடுத்தா டிவிக்காரன் எடுத்த படத்தப் போட்டுப் பாப்பாங்க. நிரூபணமானா ரெண்டு நிமிஷம் கூட்டுவாங்க. பாவம், முப்பதாவது இடத்துக்குப் போயிடுவா."

"போகட்டும். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள குடுக்கணும். பன்னெண்டு போயிடுச்சு, இங்க நின்னு பாவம் பாத்துட்டிருக்கீங்க."

ஹினெக் நடுவர் அறைக்கு ஓடினார்.

பரிசளிப்பு சற்றுத் தாமதமாகும் என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் ஊதுகுழல்களை இறக்கிவிட்டு முணுமுணுத்தது. எதிரே நார்வேக்காரி ஒன்றும் புரியாமல் தேநீர்க் குவளையோடு நின்றாள். ராட்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"விட்டுடலாமே. உலகத்துலயே நாலாவதுன்னா சும்மாவா?" என்றான் லுபோஷ்.

"நீ நாலு தடவை நாலாவதா வந்து பாரு. எப்பவும் எவளாவது ஒருத்தி எனக்கு முன்னாடி. கடைசி நாள்லயும் திருட்டுத்தனமா ஒருத்தி."

ஹினெக் மெதுவாக நடந்து வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"படம் போட்டாங்களா?"

"போட்டாங்க. நீ சொன்ன மாதிரியேதான். ரெண்டு தப்பு, ஒரே சுத்து."

"ரெண்டு நிமிஷம் கூட்டிட்டாங்களா?"

"கூட்டிட்டாங்க. அந்த உருளைக்கிழங்கக் கழட்டு. இப்போ அது உன்னோடது இல்ல."

ராட்கா நாடாவைத் தலைவழியே உருவி லுபோஷின் மார்பில் எறிந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். "மேடைக்கு எந்தப் பக்கமாப் போகணும், கோச்?"

ஹினெக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அஞ்சாவது குண்டுக்கு டங்குன்னு கேட்டது அவளோட பலகைல, ராட்கா."