பச்சைப் பட்டன்

லெனின்கிராடில் ரஷ்ய உளவுத்துறை தன்னை விடாமல் வேவு பார்த்தது என்று டெஸ்மண்ட் பிக்கரிங், இங்கிலாந்து திரும்பிய நாளிலிருந்து பெருமையடித்துக்கொண்டிருந்தார். டெர்பி நகரத்துப் பூகோள வாத்தியாரை வேவு பார்க்க ஒரு வல்லரசுக்கு என்ன தலையெழுத்து என்று யாரும் கேட்கவில்லை. கதையின் கடைசிப் பகுதியை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

எழுபத்து நான்காம் வருடம், பிப்ரவரி மாதம். மனைவியோடு சுற்றுலா வந்த அன்றே அவர் கோட்டின் கழுத்துப் பட்டன் விமான நிலைய நெரிசலில் அறுந்து போயிருந்தது.

ஹோட்டலில் மாடிக்கு ஒரு அம்மாள் காவல். வெளியே போனாலும், கீழே சாப்பிடப் போனாலும் அவளிடம்தான் அறைச் சாவியைக் கொடுக்க வேண்டும். அவர்கள் மாடியில் இருந்தவள் கிளாவ்தியா. பருத்த உடம்பு, சிரிக்காத முகம். டெஸ்மண்டின் கழுத்தையே முறைத்துப் பார்த்து, ரஷ்ய மொழியில் ஏதோ அதட்டினாள்.

மதியம் கீழே சாப்பிடப் போன இடத்தில் அவர் மனைவி ம்யூரியல், பரிமாறியவனிடம் நைலான் காலுறைகளைக் கொடுத்து ஒரு ரோமத் தொப்பி வாங்கிவிட்டாள். கள்ள வியாபாரம் செய்தால் ஜெயில்தான் என்று வழிகாட்டிப் பெண் லிதா காலையில்தான் எச்சரித்திருந்தாள்.

அறைக்குத் திரும்பினால், மாட்டி வைத்துவிட்டுப் போன கோட்டில் புதிதாக ஒரு பட்டன். பெரியது, கரும்பச்சை. மற்றதெல்லாம் கறுப்பு.

டெஸ்மண்ட் மனைவியைக் குளியலறைக்குள் இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

"அது பட்டன் இல்ல ம்யூரியல். ஒட்டுக்கேக்கற கருவி."

"ஐயோ, இப்பதானே தொப்பியப் பத்திச் சத்தமாப் பேசினேன்! நம்மள ஊருக்கு விடுவாங்களா?"

"நீ வாய மூடினா விடுவாங்க."

நகவெட்டியால் பட்டனை அறுத்துக் கழிவறையில் போட்டுச் சங்கிலியை இழுத்தார். அது மிதந்தது. பல தடவை இழுத்த பிறகுதான் போய்த் தொலைந்தது.

மறுநாள் காலைச் சாப்பாடு முடித்து வந்தால், அதே இடத்தில் அதே மாதிரி இன்னொன்று!

டெஸ்மண்டுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பையன்கூட அவர் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. இந்த முறை சாமர்த்தியமாக, கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து பட்டனிடமே பேசினார்.

"இந்தப் பீட்ரூட் சூப் மாதிரி நான் எங்கயுமே சாப்பிட்டதில்ல."

ம்யூரியலும் அவர் கழுத்தருகே வாயை வைத்துக்கொண்டு, "தெருவெல்லாம் என்ன சுத்தம்! நான் தொப்பியே வாங்கல!" என்றாள்.

"அத ஏன் சொல்லித் தொலைச்ச?"

இரண்டாவதும் சங்கிலியோடு போயிற்று. ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் மூன்றாவது வந்தது. அதையும் அறுத்துப் போட்டுவிட்டு, பெட்டிகளோடு கீழே இறங்கினார்கள்.

பஸ்ஸில் ஏறப்போகும் நேரம். கிளாவ்தியா பனியில் வழுக்கியபடி ஓடி வந்தாள். டெஸ்மண்டின் திறந்த கழுத்தில் விரலைக் குத்திக் கத்தினாள்.

"முடிஞ்சுது நம்ம கதை" என்று முனகினாள் ம்யூரியல்.

டெஸ்மண்ட் இரண்டு கைகளையும் தூக்கினார். "தொப்பி என் பொண்டாட்டியோடது! வேணாம்னுதான் நான் சொன்னேன்!"

இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த ம்யூரியல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஜெயிலே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

"எந்தத் தொப்பி?" என்று லிதா விழித்தாள். "அவங்க அதப் பத்திப் பேசல சார். இந்தக் குளிர்ல கழுத்தத் திறந்து போட்டா மனுஷன் செத்துடுவாருங்கறாங்க. மூணு தடவ தச்சுக் குடுத்தும் எப்படித்தான் பிச்சுப் போடறீங்களோன்னு திட்டறாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க கடைல பட்டனக் கண்ணால பாத்தே வருஷமாச்சு சார்."

தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்ற டெஸ்மண்ட், அப்போதுதான் கிளாவ்தியாவை முழுதாகப் பார்த்தார்.

ஒரு கை அவர் கழுத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை, ஒரு பட்டன்கூட மிச்சமில்லாத தன் கரும்பச்சைக் கோட்டை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது.